ஆரி வேலைப்பாடு முழுநேரப் பிழைப்பாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு, பிறகு அதையே வருமானமாக்கிக்கொள்ளலாமா என்று தமிழ்நாட்டுப் பெண்கள் யோசிக்கும் கைவேலைகளில் ஆரி முன்வரிசையில் நிற்கிறது. ஃபிரேமில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியில், கொக்கி முனை கொண்ட ஊசியால் நூலையும் மணியையும் சமிக்கியையும் கோத்துப் போடும் இந்த வேலை, திருமணப் பிளவுஸ்களின் வழியாகச் சிற்றூர்கள் வரை பரவிவிட்டது. பயிற்சி முடித்தவர்களும், வீட்டாருக்கு நாலைந்து பிளவுஸ் போட்டுப் பாராட்டு வாங்கியவர்களும், பார்க்கிற வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இடையில் வரும் ரூபாய்க் கணக்குகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆரி போடத் தெரிந்த ஒருவர் அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஊசியை மட்டும் நம்பி நடத்துவதில்லை. ஒருவர் பிளவுஸையும் தாமே தைத்துக் கொடுக்கிறார்; இன்னொருவர் இரண்டு மூன்று பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, தாம் வரைவதையும் சரிபார்ப்பதையும் கவனிக்கிறார்; மற்றொருவர் ஊரில் உள்ள பொட்டிக்குகள் எனப்படும் நவநாகரிக உடைக் கடைகளிலிருந்து ஆண்டு முழுவதும் கூலி வேலை எடுக்கிறார். தனியாக ஒரே ஃபிரேமின் முன் உட்கார்ந்து, வருகிற ஆர்டர்களை வரிசையாக முடித்துக் கொடுப்பதால் மட்டும் ஒரு குடும்பத்தின் முழுச் செலவும் ஈடாவது அரிது. இதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. கையால் செய்யும் வேலைக்கு நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் என்ற எல்லை உண்டு; அந்த மணி நேரத்துக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை நம்மில் பலர் ஒருமுறைகூடக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு பிளவுஸில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

கழுத்தின் முன்னும் பின்னும், இரண்டு கைகளிலும் நடுத்தரமான வேலைப்பாடு உள்ள ஒரு பிளவுஸை எடுத்துக்கொள்வோம். தையலையும் சேர்த்து 3,500 ரூபாய் சொல்லியிருக்கிறீர்கள். ஜரி, பட்டு நூல், மணி, சர்தோசி, குந்தன் கற்கள் ஆகியவற்றுக்கு 700 ரூபாய் ஆகிறது. லைனிங் வைத்துத் தைக்கத் தையல்காரருக்கு 600 ரூபாய் போகிறது. உங்கள் கையில் நிற்பது 2,200 ரூபாய்.

இனி நேரத்தைப் பாருங்கள். ஃபிரேமில் 24 மணி நேரம். வடிவத்தை வரைந்து, ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் பதிக்க 2 மணி நேரம். அளவு எடுப்பது, வாட்ஸ்அப்பில் நாற்பது படங்களைக் காட்டி ஒன்றில் முடிவுக்கு வருவது, புடவை நிறத்துக்கு நூல் தேடிக் கடைக்குப் போவது ஆகியவற்றுக்கு 2 மணி நேரம். ஆக 28 மணி நேரம். 2,200ஐ 28ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 78 ரூபாய் வருகிறது. எட்டு மணி நேர நாளுக்கு 630 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் பலர் முதலில் நம்ப மறுப்பார்கள். கையில் மொத்தமாக 3,500 ரூபாய் வருவதால் அது முழுவதும் வருமானம் போலத் தோன்றிவிடுகிறது. ஆகவே அடுத்த மூன்று ஆர்டர்களுக்கு ஃபிரேமின் அருகில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்து வாருங்கள். மணிகளைக் கிண்ணத்தில் பிரித்து வைப்பது, தவறாகப் போட்ட வரியைப் பிரித்தெடுப்பது, சிக்கிய ஜரியை அறுத்து மறுபடி முடிச்சிடுவது எல்லாம் அந்த நேரத்தில் சேர வேண்டும்.

மாதக் கணக்கு எப்படி வரும்?

ஆரியில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பல மாதங்கள் உட்கார முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆறு மணி நேரம், மாதம் 25 நாட்கள் என்றால் ஃபிரேமில் 150 மணி நேரம். மேலே சொன்ன பிளவுஸ் ஒன்றுக்கு 24 மணி நேரம் என்பதால் மாதம் ஆறு பிளவுஸ் முடியும். வருமானம் 13,200 ரூபாய். ஆர்டர் குறையும் மூன்று மாதங்களில் இதில் பாதிதான் என்று வைத்தால், ஆண்டுக்கு 1,38,600 ரூபாயும் மாதச் சராசரியாக 11,550 ரூபாயும் வரும்.

வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கும்போது இது நல்ல துணை வருமானம். தனித்து நிற்க வேண்டிய ஒருவருக்கு, வாடகை கொடுத்து ஒரு நகரத்தில் வாழ இது போதாது. இந்தத் தொகையை உயர்த்த வழிகள் மிகச் சில. ஒரே வேலைக்கு 3,500க்குப் பதில் 5,000 ரூபாய் வாங்க முடிந்தால், பொருளும் தையலும் போக 3,700 ரூபாய் மிஞ்சும். அதே ஆறு பிளவுஸுக்கு 22,200 ரூபாய். விலையில் 1,500 ரூபாய் கூடியதும் மாத வருமானத்தில் 9,000 ரூபாய் கூடுவதைக் கவனியுங்கள். கூடுதல் ஒரு மணி நேரம்கூட உட்காராமல் வருகிற தொகை அது. வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள், அதற்கு முன் விலையைப் பற்றி யோசிப்பது நல்லது.

விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர் போய்விட மாட்டார்களா?

சிலர் போவார்கள். தெருவில் உள்ளவர்களிடமும் உறவினரிடமும் தொடங்கிய விலையை அவர்களிடமே உயர்த்துவதுதான் மிகக் கடினம். “போன தடவை ரெண்டாயிரம்தானே வாங்கினே?” என்று சித்தி கேட்கும்போது ஜரி விலை ஏறிய கதையெல்லாம் எடுபடாது. பழையவர்களுக்குப் பழைய விலையை ஒரு குறிப்பிட்ட மாதம் வரை வைத்திருந்து, புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளிலிருந்தே புதிய விலையைச் சொல்வது நடைமுறையில் செல்லுபடியாகும் வழி.

இன்னொன்றும் உண்டு. விலையை மொத்தமாகச் சொல்லாமல் மூன்று படிகளாகச் சொல்லுங்கள்: கழுத்தோரத்துக்கும் கையோரத்துக்கும் மட்டும் வரி போட்டது, நடுத்தரம், முதுகும் கையும் நிறைந்த மணப்பெண் வேலை. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த மாதிரித் துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். படத்தைப் பார்த்து விலை பேசும்போது வாடிக்கையாளர் கனமான வேலையின் படத்தைக் காட்டி, எளிய வேலையின் விலையைக் கேட்பார். துண்டைத் தொட்டுப் பார்க்கும்போது அந்தக் குழப்பம் வருவதில்லை.

ஆர்டர் எந்த மாதங்களில் வரும்? ஆடியில் என்ன செய்வது?

இந்தத் தொழிலை நடத்துவது ஆங்கில மாதக் காலண்டர் அல்ல, முகூர்த்தக் காலண்டர். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் இந்துக் குடும்பங்களில் திருமணம் வைப்பதில்லை. ஆனால் ஆர்டர் திருமணத்துக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே வந்துவிடுவதால், உங்கள் மந்த காலம் அந்த மாதங்களோடு சரியாகப் பொருந்தாது. ஆனி முகூர்த்தங்களுக்கான கடைசிப் பிளவுஸ் கையை விட்டுப் போனதும் ஃபிரேம் காலியாகிவிடும். ஆடியின் முதல் பாதி வெறுமையாக இருக்கும். ஆடித் தள்ளுபடியில் பட்டு எடுத்தவர்கள் ஆவணித் திருமணத்துக்காக ஆடியின் பின்பாதியில் வரத் தொடங்குவார்கள். அதேபோல் புரட்டாசியின் பின்பாதியில் தீபாவளிக்கும் ஐப்பசி முகூர்த்தங்களுக்கும், மார்கழியின் பின்பாதியில் தை முகூர்த்தங்களுக்கும் ஆர்டர்கள் வந்து குவியும். மேலே மந்த மாதங்களுக்குப் பாதி வருமானம் என்று வைத்தது இதனால்தான்.

குவியும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதும், காலியான நேரத்தில் கலங்கிப் போய் விலையைக் குறைப்பதும் நம்மவர்களின் வழக்கம். காலியான வாரங்களில் செய்வதற்கென்று சில வேலைகளை ஒதுக்கி வையுங்கள். அடுத்த பருவத்துக்கான மாதிரித் துண்டுகள், வடிவங்களைத் துளையிட்டுத் தயாராக வைத்த தாள்கள், எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும் பொன்னிறத்திலும் கருப்பிலும் முன்கூட்டியே வேலை போட்டு வைத்த பிளவுஸ் துணிகள் ஆகியவை பின்னால் நேரத்தை மிச்சப்படுத்தும். கடைசி நேரத்தில் வருபவர் தயாராக இருக்கும் துணிக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க மாட்டார்.

வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே சமூகத்தினராக இருப்பதும் ஒரு பலவீனம். மார்கழி நடுவில், கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய நாட்களிலும் ஜனவரியிலும் தேவாலயத் திருமணங்கள் நடக்கும். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. அப்போது பங்குனி முகூர்த்தங்கள் நடந்துகொண்டிருக்கும். ரமலான் மாதத்தில் நிக்காஹ் குறைவு என்றாலும் பெருநாளுக்கான துணி வேலை உண்டு. நாகர்கோவில், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இந்தக் கலவையைப் பயன்படுத்திக்கொண்டால் ஆண்டு சற்றுச் சமமாக ஓடும். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா ஆகியவற்றுக்கான சிறிய ஆர்டர்களையும் அற்பமாக நினைக்க வேண்டாம்.

தையலும் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருந்தால் உங்கள் நிலை அடியோடு மாறும். மேலே உள்ள கணக்கில் தையலுக்கு 600 ரூபாய் வெளியே போயிற்று. லைனிங் வைத்த பட்டு பிளவுஸைப் பழகிய கை நான்கு மணி நேரத்தில் தைத்துவிடும். அதாவது மணிக்கு 150 ரூபாய். ஆரி மணிக்கு 78 ரூபாய்தான் கொடுத்தது. எல்லோரும் கலை என்று கொண்டாடுவது ஆரியை. கூடுதல் கூலி கொடுப்பது, யாரும் படம் எடுத்துப் போடாத தையல். இதைச் சொன்னால் ஆரி பயில்பவர்களுக்குக் கசக்கிறது. ஆயினும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

பணத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. ஆரி போட்ட துணியைத் தெரியாத தையல்காரரிடம் கொடுத்தால், கழுத்து வளைவை அரை அங்குலம் உள்ளே வெட்டி வேலைப்பாட்டின் ஓரத்தைத் தின்றுவிடுவார். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்துக் கற்களின் பசையை இளக்கிவிடுவார். பழி உங்கள் மேல்தான் விழும். தையல் கற்க விருப்பம் இல்லையென்றால், ஆரித் துணியில் கைபழகிய ஒரே தையல்காரரோடு நிலையான ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்தபிறகு கைவேலைக்கு எதிர்காலம் உண்டா?

கீழ்மட்டச் சந்தையில் இல்லை. எளிய கொடி, பூ, சமிக்கி வரி ஆகியவற்றை இயந்திரம் மிகக் குறைந்த விலையில் போட்டுத் தருகிறது. அதோடு விலையில் போட்டியிடுவது வீண். சுருள் கம்பியான சர்தோசியை வெட்டி ஒவ்வொன்றாகக் கோத்துப் போடுவது, நூலை மேடாக அடுக்கும் லோட் தையல், புடவை முந்தானையில் உள்ள அன்னத்தையோ யாளியையோ அதே அளவிலும் சாயலிலும் முதுகில் கொண்டுவருவது, பெயரையும் திருமணத் தேதியையும் சேர்ப்பது ஆகியவற்றில்தான் இப்போதைக்குக் கையின் மதிப்பு நிற்கிறது.

இயந்திரத்தைவிட உங்களுக்கு நேரடியான போட்டி பட்டறைகள். சென்னை போன்ற நகரங்களில் மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரிய ஃபிரேமைச் சுற்றி மூவர் நால்வராக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சிறு வயதிலிருந்தே கை பழகியவர்கள் பலர். நீங்கள் நான்கு நாள் எடுப்பதை அவர்கள் கூடி ஒரே நாளில் முடிப்பார்கள். இந்த ஊசித் தையலும் குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சி சமூகத்தாரின் தோலூசியிலிருந்து வளர்ந்ததுதான். ஆரம்பத்திலிருந்தே பிழைப்புக்கான தொழிலாக இருந்ததைத்தான் நாம் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு, மறுபடி தொழிலாக்கப் பார்க்கிறோம். ஆகவே வேகத்தில் மோத வேண்டாம். நெருங்கி உட்கார்ந்து அளவெடுப்பது, அரைகுறையாக முடிந்த நிலையில் காட்டிக் கருத்துக் கேட்பது, திருமணத்துக்கு முந்தைய நாள் கை இறுக்கமாக இருக்கிறது என்றால் அன்றைக்கே சரிசெய்வது ஆகியவை ஊரிலேயே இருக்கும் உங்களால் மட்டும் முடிபவை.

பொட்டிக்குகளுக்குக் கூலி வேலை எடுக்கலாமா?

எடுக்கலாம். கூலி குறைவு, ஆனால் துணி, பொருள், வாடிக்கையாளர் பேச்சு ஆகிய தொல்லைகள் இல்லை, காலி வாரங்கள் நிரம்பும். உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் ஒரே கடைக்குக் கொடுக்காதீர்கள். பணம் மாதம் ஒருமுறையா, உருப்படி ஒவ்வொன்றுக்குமா என்பதை முதல் துணியை வாங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

வகுப்பு நடத்துவது நல்ல வருமானம் என்கிறார்களே?

தொடக்கத்தில் நல்ல வருமானமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேருக்குக் கற்றுக்கொடுத்தால் எந்த ஃபிரேம் வேலையும் தராத தொகை வரும். ஆனால் சிறிய ஊரில் ஆரி கற்க விரும்புபவர்களின் எண்ணிக்கை அளவானது. ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் கற்றுவிடுவார்கள், சிலர் உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியே வகுப்பும் தொடங்குவார்கள். அடிப்படைச் சங்கிலித் தையலிலிருந்து தொடங்கும் வகுப்பு வருமானத்தை மாதச் செலவுக்கான நிலையான பணமாக எண்ணாமல், ஃபிரேம், விளக்கு, தையல் இயந்திரம் போன்றவற்றை வாங்கும் முதலாக எண்ணுவதே என் பரிந்துரை.

இதை எழுதும்போது ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். “மூன்று மாதத்தில் கற்று மாதம் முப்பதாயிரம் சம்பாதியுங்கள்” என்று விளம்பரம் செய்பவர்களில் பலருக்கு வருமானம் வருவது ஆரியிலிருந்து அல்ல, அந்த விளம்பரத்தை நம்பிக் கட்டணம் கட்டுபவர்களிடமிருந்து. சேரும் முன், அவர் கடந்த முகூர்த்தப் பருவத்தில் எத்தனை பிளவுஸ் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வது லாபமா?

கணக்கில் லாபம்தான். மேற்சொன்ன பிளவுஸில் கிடைக்கும் 2,200 ரூபாயில் 1,300 ரூபாயை ஃபிரேம் வேலைக்கான கூலியாகக் கொடுத்தால், வரைந்து பதித்து, வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டு, சரிபார்க்கும் உங்களுக்கு 900 ரூபாய் நிற்கும். இரண்டு பேர் மாதம் ஆளுக்கு ஐந்து பிளவுஸ் போட்டால் 9,000 ரூபாய். உங்கள் சொந்த ஃபிரேம் வருமானம் தனி, ஆனால் அதற்கான நேரம் குறையும்.

சிக்கல் தரத்தில் இருக்கிறது. பிளவுஸின் இடதுகையில் ஒருவரும் வலதுகையில் இன்னொருவரும் வேலை போட்டால் தையலின் இறுக்கம் வேறுபட்டு, இரண்டு கைகளும் இரண்டு விதமாக நிற்கும். ஒரு பிளவுஸ் முழுவதையும் ஒருவரிடமே கொடுங்கள். பின்பக்க முடிச்சுகளைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். முதல் சலவையில் மணி உதிர்வது பெரும்பாலும் அங்கிருந்துதான். கூலியை, வாடிக்கையாளர் பணம் தரும்வரை நிறுத்தி வைக்கவும் கூடாது. அது நீங்கள் சுமக்க வேண்டிய கடன், வேலை செய்தவருடையது அல்ல.

முன்பணம் எவ்வளவு வாங்க வேண்டும்? துணி கெட்டுவிட்டால் யார் பொறுப்பு?

பாதிக்குக் குறையாமல் வாங்குங்கள். மீதியைக் கொடுக்கும் நாளிலேயே வாங்குங்கள். திருமண வீட்டில் கல்யாணம் முடிந்தபின் பணம் கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது புடவையோடு இணைந்து வந்த பிளவுஸ் துண்டு. அது கெட்டால் அதே துணி வேறெங்கும் கிடைக்காது. ஆகவே வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்து, அளவு போதுமா, கறையோ இழை விலகலோ இருக்கிறதா என்று வாடிக்கையாளர் முன்னிலையில் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். மெல்லிய பட்டிலும் டிஷ்யூ துணியிலும் ஊசித் துளை மூடாது. பிரித்து மாற்ற முடியாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். வடிவம் பதிக்கும் பொடியை ஓரத்தில் சிறிது தேய்த்து, கறை நிற்கிறதா என்று சோதியுங்கள். இவ்வளவு செய்தும் உங்கள் கையால் கெட்டால், துணி விலையைக் கொடுத்துவிடுவதே தொழிலுக்கு நல்லது. அதற்கென்று ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் சிறு தொகையை ஒதுக்கி வருபவர்களுக்கு அந்த நாள் பேரிடியாக இருக்காது.

வெளிநாட்டுத் தமிழர்களிடமிருந்து ஆர்டர் எடுக்கலாமா?

சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் உள்ளவர்கள் ஊருக்கு வரும்போது எடுக்கும் பட்டுக்கு இங்கேயே வேலை போட்டு எடுத்துச் செல்வது வழக்கமாக உள்ளது. விலையில் அதிகம் பேரம் பேசவும் மாட்டார்கள். தடை அளவில்தான். நேரில் அளவெடுக்க முடியாதபோது, சரியாகப் பொருந்தும் அளவு பிளவுஸ் ஒன்று உங்கள் கைக்கு வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். பக்கங்களில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்து அனுப்புங்கள்.

பதிவு, வரி, கடன் ஆகியவற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகவே செய்யலாம். கட்டணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். வங்கிக் கடனுக்கு இது பயன்படும். வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவை என்பதால் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. தனியாக ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு இது கவலைப்பட வேண்டிய எல்லை அல்ல. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் என்றால் 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றி வாங்கலாம். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் தையல் உண்டு. ஆனால் தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல், 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கியது. 25 தொழில்களுக்கான அத்திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 50,000 ரூபாய் வரை மானியமும் அறிவித்தது. விண்ணப்பிக்கும் முன், தற்போதைய விதிகளையும் வயது வரம்பையும் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு ஃபிரேமும் விளக்கும் பொருட்களும் வாங்க மூன்று லட்சம் வேண்டியதில்லை. கடைக்கு முன்பணம் கொடுத்து அலங்காரம் செய்யக் கடன் வாங்கியவர்கள், ஆடி மாதத் தவணையில்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

கண்ணும் முதுகும் தாங்குமா?

கவனித்தால் தாங்கும். தரையில் சம்மணமிட்டுக் குனிவதைவிட, நாற்காலி உயரத்துக்கு நிறுத்தும் ஃபிரேம் ஸ்டாண்ட் கழுத்துக்கு நல்லது. வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். கருப்புத் துணியில் கரும்மணி வேலையை இரவில் ஒப்புக்கொள்ள வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்வையைச் சற்று நிறுத்துங்கள். நாற்பது வயதை நெருங்கும்போது கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தொழிலில் கண்ணாடி ஒரு கருவி. விரல்கள் மரத்துப்போவதும் இரவில் மணிக்கட்டு குடைவதும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். கை நின்றால் வருமானம் அன்றே நிற்கும் வேலை இது.

பொழுதுபோக்காக இருந்தபோது கிடைத்த மகிழ்ச்சி போய்விடுமா?

ஓரளவு போகும். உங்களுக்குப் பிடித்த நிறத்தில், பிடித்த வடிவத்தை, தோன்றும்போது போட்ட நாட்கள் வேறு. மயில் வேண்டாம் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் பதினான்காவது மயிலைத் திங்கள்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய நாட்கள் வேறு. சிலருக்கு ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடும்போது கை தானாக ஓடுவதே ஓர் அமைதியைத் தருகிறது. சிலருக்கு அது சித்திரவதை. நீங்கள் எந்த வகை என்பது ஒரு முகூர்த்தப் பருவத்தை முழுமையாகக் கடந்தால் தெரிந்துவிடும். இரண்டாம் வகையினர் வேலையை விடாமல் மாதம் ஒரு பிளவுஸ் மட்டும், நல்ல விலைக்கு, தமக்குப் பிடித்த வடிவத்தில் போடலாம். அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியதில்லை.

இப்போது பார்க்கும் வேலையை எப்போது விடலாம்?

தை முதல் வைகாசி வரை வந்து குவியும் ஆர்டர்களைப் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் உள்ளடக்கிய முழு ஆண்டின் வரவு செலவு உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தவர்களில் பாதிப் பேராவது உறவும் நட்பும் அல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். சம்பளத்தோடு ஒப்பிடும்போது கைக்கு வரும் தொகையை மட்டும் பார்க்காமல், வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் கட்டும் பங்கையும், 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியையும் சேர்த்துப் பாருங்கள். அவற்றை இனி உங்கள் ஊசிதான் ஈடுகட்ட வேண்டும்.

முழுநேரமாகத் தொடங்கி ஓராண்டாகியும் கட்டுப்படியாகவில்லை. நிறுத்துவதா, தொடர்வதா?

முதலில் எதில் கட்டுப்படியாகவில்லை என்று பிரித்துப் பாருங்கள். ஆர்டர் நிறைய இருந்தும் பணம் நிற்கவில்லை என்றால் குறை விலையில். அடுத்த பருவத்துக்குள் திருத்திவிடலாம். விலை சரியாக இருந்து முகூர்த்த மாதங்களிலேயே ஃபிரேம் காலியாக இருந்தால், ஊரில் அந்த விலைக்குப் போதிய தேவை இல்லை என்று பொருள். பொட்டிக் கூலி வேலையும் தையலும் சேர்த்து இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம். இரண்டும் சரியாக இருந்து உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால், பகுதி நேரத்துக்குத் திரும்புவதே சரி.

நிறுத்துவது என்று முடிவு செய்தால், கையில் உள்ள தேதிகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முடிக்கக்கூடியவற்றை முடியுங்கள், முடியாதவற்றுக்கு வாங்கிய முன்பணத்தையும் துணியையும், அந்த வீட்டார் வேறு ஒருவரைத் தேடிக்கொள்ள அவகாசம் இருக்கும்போதே, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பாகத் திருப்பிக் கொடுங்கள். ஃபிரேமை விற்றுவிட வேண்டாம். பழைய ஃபிரேமுக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை. தெரிந்தவர்களின் ஆர்டர் எப்படியும் தையில் தேடி வரும்.